செவலைக்குச் சாயங்கால ஊசி

வேம்புலியம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் மாட்டைத் திட்டுவாள். அப்புறம் புருஷன் முனியனை. அதிலும் தீராமல் மிச்சம் இருந்தால் மாநகராட்சியை. போன வருஷம் தை பிறந்ததிலிருந்து மூன்று பேரும் தினம் தினம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எல்லாம் செவலையால் வந்த வினை.

செவலை என்பது ஆவடி சேக்காட்டில் அவள் வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் நின்ற கலப்பினப் பசு. பெயருக்கேற்ற நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, குணத்தில் பரம சாது. கறக்கும்போது காலைத் தூக்காது, தவிடு குறைந்தாலும் முறைக்காது. பால்தான் நாளாக நாளாக வற்றிக்கொண்டு வந்தது. கன்று போட்டு வருஷம் தாண்டினால் எந்த மாட்டுக்கும் அதுதான் கதி. மறுபடி பால் வேண்டுமென்றால் மறுபடி கன்று போட வேண்டும். கன்று போட வேண்டுமென்றால் சினை நிற்க வேண்டும். செவலைக்கு அதுதான் நிற்கவே மாட்டேன் என்றது.

காளைக்கு எங்கே போவது? ஆவடியில் பீரங்கி வண்டியைக்கூடப் பார்த்துவிடலாம், நல்ல காளை ஒன்றைப் பார்க்க முடியாது. அதனால் ஊர் மாட்டுக்கெல்லாம் சினை ஊசிதான். சினை ஊசி என்றால் வரதன்.

வரதன் முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கின ஆள்தான், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சான்றிதழில் எங்கேயும் இல்லாத டாக்டர் பட்டத்தை அவனே சிவப்பு ஸ்டிக்கராக வெட்டி வண்டி முகப்பில் ஒட்டிக்கொண்டான். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டின கேன். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வரும். அந்தக் குளிருக்குள் உறைந்துபோன விந்து, மெல்லிய குச்சி குச்சியாக இருக்கும். ஒரு குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அது இளகுகிற வரைக்கும் டீ குடித்தபடி அரசியல் பேசுவான். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் அதை இளக்க வேண்டுமாம், அதுவும் கொஞ்ச நேரந்தானாம். சட்டைப் பையும் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்பது வரதனின் ஆராய்ச்சி முடிவு.

இதே வரதன் கால்நடை முகாமில் மைக்கைப் பிடித்தால் போதும், ஆளே வேறு. "தாய்மார்களே! காலையில மாட்டுக்குப் பருவம் தெரிஞ்சா சாயங்காலம் ஊசி. சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலையில ஊசி. முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. இத்த மனப்பாடம் பண்ணிக்கங்க!" வேம்புலியம்மாள் உட்பட அத்தனை தாய்மார்களும் மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். மனப்பாடம் பண்ணாத ஒரே ஆள் வரதன். பூந்தமல்லிப் பக்கம் வேலை முடிந்து, மெட்ரோ பள்ளத்தையெல்லாம் தாண்டி, வண்டி இந்தப் பக்கம் எப்போது திரும்புகிறதோ அதுதான் அவனுக்கு முகூர்த்தம்.

ஊசி பலிக்கவில்லை என்றால் அதற்கும் அவனிடம் பதில் தயார். முதல் தடவை தாது உப்பு பத்தவில்லை என்றான். அடுத்த தடவை சூட்டு உடம்பு என்றான். அதற்கடுத்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் சுற்றச் சொன்னான். கடைசியாக, மாட்டுக்கு மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினான்.

"மனசு சரியில்லியா? எனுக்குந்தான்யா மனசு சரியில்ல. நான் நாலு பெத்துக்கல?" என்று கேட்டாள் வேம்புலியம்மாள்.

"ஊசி போடறதுதான் யக்கா என் வேல. நிக்க வெக்கறது அவன் வேல" என்று வானத்தைக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆனால் தப்பு முழுக்க வரதன் தலையில்தான் என்று சொன்னால் அதுவும் பாவம். செவலையின் சுபாவம் அப்படி. மற்ற மாடுகளுக்குப் பருவம் வந்தால் கத்திக் கத்தித் தெருவையே ரெண்டாக்கும். செவலை வாயே திறக்காது. ஊமைப் பருவம் என்பார்கள். விடியற்காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிட்டால் நேராக பிருந்தாவன் என்க்ளேவ் வாசலுக்குப் போய் மற்ற மாடுகளோடு நின்றுகொள்ளும். பொழுது சாய்ந்தால் தானாக வீட்டுக்கு வந்துவிடும். நடுவில் அங்கே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் வாலடியில் வழும்பு காய்ந்திருப்பதைப் பார்த்து இவள் அலறியடித்து போன் போட, அதற்கும் மறுநாள் வரதன் வந்து சேர, எல்லாம் முடிந்து கடையைச் சாத்தினபிறகுதான் செவலைக்கு ஊசி ஏறும்.

நாமே பின்னால் போய்ப் பார்த்தால் என்ன என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஒருநாள் பால் ஊற்றுகிற வேலையை அவசரமாக முடித்துவிட்டு என்க்ளேவ் வாசலில் போய் நின்றாள். நின்றதுதான் தாமதம், செவலை மற்ற மாடுகளை அப்படியே விட்டுவிட்டு இவளிடம் ஓடிவந்து கைப்பைக்குள் மூக்கை நுழைத்தது. வாழைப்பழம் இருக்கிறதா என்று தேடுகிறதாம். விரட்டினாலும் போகவில்லை. மத்தியானம் வரைக்கும் அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தது.

அந்த பிருந்தாவன் என்க்ளேவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முனியனின் அப்பா கூலிக்குக் களை பறித்த நிலத்தில்தான் அது எழும்பி நிற்கிறது. வாசல் வளைவில் கண்ணன் குழலூதுகிறான், பக்கத்தில் சிமெண்டில் அழகாக ஒரு பசு. அதற்குக் கீழே ‘மாடுகள் உள்ளே வரக் கூடாது’ என்று பெயிண்டில் எழுதின அறிவிப்பு. காவலுக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது முனியனேதான். சம்பளம் வாங்குகிற கையால் சொந்த மாட்டை விரட்ட வேண்டிய உத்தியோகம். யாராவது பார்த்தால் தடியை ஓங்கி "ஏய், போ!" என்பான். யாரும் பார்க்காவிட்டால் "தோ, அப்பால நெயல்ல போய் நில்லு தாயி" என்பான்.

பார்க்கிறவர் பெரும்பாலும் சிவராமன் சார். என்க்ளேவ் சங்கத்தின் செயலாளர். முதல் மாடியில் வாசலைப் பார்த்த பால்கனி அவருடையது. ராணுவத் தளவாட ஃபேக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் போல்ட்டு நட்டில் குறை கண்டுபிடித்த கண், ரிடையர் ஆனால் மட்டும் சும்மா இருக்குமா? தெருவிளக்கு, குப்பை வண்டி, சாக்கடை மூடி என்று எல்லாவற்றுக்கும் மாநகராட்சிக்குப் புகார் போடுவார். ஒன்றுக்கும் ஒரு ஆள் வந்தது கிடையாது. அவரும் சளைக்கமாட்டார். அதிகாலையில் வேம்புலியம்மாள் ஊற்றுகிற பாலை மானி போட்டுப் பார்த்து, "பாஸ்" என்று சொன்ன பிறகுதான் அவர் வீட்டில் காபி. அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே பால்கனிக்கு வந்து தெருமாடுகளைத் திட்டுவார். தான் குடிப்பது அந்தத் தெருமாட்டில் ஒன்றின் பால்தான் என்பது அவருக்குத் தெரியாது. வேம்புலியம்மாளின் மாடு எங்கேயோ கௌரவமாகக் கட்டுத்தறியில் நிற்பதாக அவர் நினைப்பு. அவர் மனைவி புஷ்பாவுக்கு எல்லாம் தெரியும். காபி நன்றாக இருக்கிறவரைக்கும் எதற்கு வம்பு என்று அந்த அம்மாள் வாயைத் திறந்ததில்லை.

சித்திரையில் தரகர் சண்முகசுந்தரம் வந்தார். பல்குச்சியை மென்றுகொண்டே செவலையின் விலாவைத் தடவிப் பார்த்தார். முனியன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

"நல்ல எடத்துக்குத்தாம்மா போவுது" என்றார் தரகர். அவர் ஓட்டிக்கொண்டு போன எந்த மாடும் நல்ல இடத்திலிருந்து திரும்பி வந்து சேதி சொன்னதில்லை. எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும், வாயால் யாரும் சொல்லமாட்டார்கள்.

"எயுந்துருய்யா நீ மொதல்ல! என் மாட்டத் தடவினது போதும், கெளம்பு!" என்று விளக்குமாற்றை எடுத்துவிட்டாள் வேம்புலியம்மாள். அவர் தெருமுனை தாண்டினபிறகு முனியன் மெதுவாகச் சொன்னான்.

"கோச்சிக்காதமே. பாலும் வத்திகினு வருது, சினையும் இல்ல. சும்மா கட்டித் தீனி போட நம்ம இன்னா ஜமீனா? இன்னும் ஒரு தபா ஊசி போட்டுப் பாப்போம். நிக்கலன்னா குடுத்துடுவோம்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்கும் தெரியும், அதனால்தான் அழுகை வந்தது. கொட்டகைக்குப் போய் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒரு வார்த்த கத்தித் தொலைச்சா இன்னாடி? வாயில இன்னா கொயுக்கட்டையா வெச்சிகினு கீற?" என்று திட்டினாள். செவலை அவள் கையை நக்கியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பால் ஊற்றப் போன இடத்தில் புஷ்பா அவளைச் சமையலறைக்குள் இழுத்து, சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் காட்டினாள். "பாரு, எங்க வீட்டுக்காரர் நேத்து குரூப்ல போட்டிருக்கிற கூத்தை."

வீடியோவுக்கு மேலே சார் எழுதியிருந்ததைப் புஷ்பா படித்துக் காட்டினாள். "அனைவரின் கவனத்திற்கும்! திங்கட்கிழமை காலை, குழந்தைகள் பள்ளி வேனுக்குக் காத்திருந்த நேரத்தில், நமது பிரதான வாயிலில் மீண்டும் அதே அநாகரிகம். முரட்டுக் கறுப்பு மாடு ஒன்று பகிரங்கமாகத் தாவி ஏற, பாதிக்கப்பட்ட செந்நிற மாடு செய்வதறியாது அசையாமல் நிற்பதைக் காணொளியில் காணலாம். மாநகராட்சி உறங்குகிறதா?"

வேம்புலியம்மாள் பால்குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். போனில் செவலை, சிமெண்டுப் பசுவுக்குப் போட்டியாக ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஐயோ, அம்மா! இது பாதிக்கப்பட்டதுன்னு யாரு சொன்னது? அந்தக் கறுப்பும் பசுதாம்மா. ஏர்ற மாட்டுக்கு இல்லமா பருவம், நிக்கற மாட்டுக்குத்தான்! புடிக்கலன்னா இந்நேரம் ஒதறிகினு ஓடிப் பூட்டிருக்காதா?"

புஷ்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள். வேம்புலியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். திங்கட்கிழமை காலையில் பருவம் என்றால் அன்று சாயங்காலமே ஊசி போட்டிருக்க வேண்டும். இன்றைக்கு புதன். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் "உன் செவல மேல அந்தக் கறுப்பி இன்னா ஆட்டம் போடுது தெரியுமா" என்று கறுப்பியைத்தான் குற்றம் சொன்னார்கள். அடியில் நின்றவளை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை, சொந்தக்காரி உட்பட.

"இந்தத் தபா பூடுச்சி. இன்னும் மூணு வாரத்துல திரும்ப வரும்மா. அன்னிக்கு சாரு எப்ப திட்டுறாரோ அப்பவே எனுக்கு போன் அடிச்சிடு. அதுதாம்மா கடசி. அன்னிக்கும் தவறிப் போச்சுன்னா தரகர் ஓட்டிகினு போயிடுவாரு" என்று புஷ்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். புஷ்பாவுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. சரி என்று தலையாட்டினாள்.

மூன்று வாரம் ஆவதற்குள் விதி விளையாடியது. சிவராமன் சாருக்குக் கண்புரை ஆபரேஷன்! இரண்டு கண்ணையும் மூடுகிற பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள். போனைப் பார்க்கக் கூடாது, வெயிலைப் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது. ஆவடியிலேயே மாடுகளை இமை கொட்டாமல் கண்காணித்த ஒரே ஜோடிக் கண், சரியாக அந்த வாரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் போய்விட்டது. வேம்புலியம்மாள் அம்மன் கோயிலில் சாருக்காகவே கற்பூரம் ஏற்றினாள். முனியனுக்கே வியப்பு, தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவள் ஏற்றியதில்லை.

ஆனால் சார் சாதாரண ஆளா? கண்ணுக்கு லீவு விட்டாலும் வாய்க்கு விடவில்லை. பால்கனியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் புஷ்பாவை நிறுத்திவைத்துக்கொண்டார். அவள் பார்த்துச் சொல்ல வேண்டும், இவர் திட்ட வேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு.

எதிர்பார்த்த அந்த நாள் காலையில் வேம்புலியம்மாள் மார்க்கெட்டில் கோஸ் இலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால், பேச்சு இவளோடு இல்லை. புஷ்பா போனை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டிருக்க, பால்கனிப் பேச்சு அப்படியே கேட்டது.

"மணியோசை கேக்குதே. மாடு வந்திருக்கா?" என்றார் சார்.

"வந்திருக்குங்க."

"என்ன பண்ணுது?"

"அது... விளையாடுதுங்க."

"விளையாட்டுன்னா? ஓடியாடியா, இல்ல அந்தப் பழைய அநாகரிகமா? ஸ்பெசிஃபிக்கா சொல்லு, புஷ்பா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி சங்கதியை அந்தத் தம்பதி வாய்விட்டுப் பேசினது கிடையாது. புஷ்பா தொண்டையைக் கனைத்தாள். "அந்தக் கறுப்பு... மேல ஏறுதுங்க."

"எதும்மேல?"

"செவலை மேலங்க."

"செவலை தடுக்கலையா?"

"நிக்குதுங்க. நல்லாவே நிக்குதுங்க!" என்று புஷ்பா முந்தானைப் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னாள். "ஆடாம அசையாம நிக்குதுங்க!"

"அதுக்கு நீ ஏன் கத்தறே? எனக்குக் கண்ணுதான் ஆபரேஷன், காது இல்லை" என்றார் சார்.

கோஸ் இலையை அப்படியே போட்டுவிட்டு வேம்புலியம்மாள் வரதனுக்கு போன் அடித்தாள். அதிசயமாக அன்றைக்கு அவன் பக்கத்திலேயே இருந்தான். "செக்போஸ்ட்டாண்டதான் யக்கா கீறேன். தோ பத்து நிமிஷம், போட்டுட்டு போய்க்கினே இருக்கேன்."

"இப்ப வாணாம் டாக்டரே. இப்பத்தான் பருவம் ஆரம்பிச்சிக்குது. சாயங்காலம் வா."

"சாயங்காலம் வேப்பம்பட்டுல மச்சினி புள்ளைக்குக் காது குத்து. போட்டா இப்ப போடறேன், இல்லாங்காட்டி நாளிக்கு மத்தியானம்."

"நீதானய்யா மைக்கு புடிச்சிகினு சொன்ன, காலைல தெரிஞ்சா சாயங்காலம்னு!"

"மைக்குல பேசறது வேற யக்கா, வண்டில வர்றது வேற" என்று போனை வைத்துவிட்டான் கஸ்மாலம்.

விஷயத்தைக் கேட்ட முனியன், வருகிறவனை இப்பவே வரச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றான். அவள் கேட்கவில்லை. இத்தனை தடவை அவன் சவுகரியத்துக்குப் போட்டுத்தானே ஒன்றும் நிற்கவில்லை? இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் அவன் காது குத்துக்குத் தாரை வார்ப்பதா? நேராக என்க்ளேவ் மாடி ஏறி, பின்வாசலில் உட்கார்ந்து புஷ்பாவிடம் ஒரு மூச்சு அழுதாள்.

உள்ளே சார் கத்திக்கொண்டிருந்தார். "மாநகராட்சிக்கு போன் போடு! ரிங் போகுது, எடுக்கமாட்டேங்கறான்! மாட்டைப் பிடிக்கற பிரிவு நம்பர் ஏதாவது இருக்கா பாரு!"

புஷ்பா ஒரு நொடி வேம்புலியம்மாளைப் பார்த்தாள். வாழ்நாளில் புருஷனிடம் பால் கணக்கைக்கூட மாற்றிச் சொல்லாத பெண்மணி, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வரதன் நம்பரைச் சொல்லு" என்றாள் மெதுவாக. அழுத்திவிட்டுப் போனை சார் கையில் கொடுத்தாள். "மாட்டு ஆளு கிடைச்சிட்டாருங்க. ஆனா அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க. மத்தியானம் சொட்டு மருந்து போட்டு நீங்க படுக்கணும். நீங்க முழிச்சிருக்கும்போது வந்தாத்தானே ஒழுங்கா வேலை நடக்கும்?"

அது சாருக்கு நியாயமாகப் பட்டது. போனைக் காதில் வைத்தார். அத்தனை வருஷ இன்ஸ்பெக்‌ஷன் குரலும் திரண்டு வந்தது.

"ஹலோ! மாட்டு டிபார்ட்மெண்டா?"

"ஆ... ஆமா சார். மாட்டு டாக்டர் வரதன் சார்."

"நான் சிவராமன் பேசறேன், பிருந்தாவன் என்க்ளேவ். எத்தனை மாசமா உங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கோம்? செய்த வேலைக்கு ஒரு பலனாவது உண்டா? பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமா?"

வண்டி முகப்பில் ஒட்டின டாக்டர் ஸ்டிக்கர் வரதனின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். எந்த ஆபீசர், எந்த ஆபீஸ் என்று கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

"அந்தச் செவலை மாடு இன்னிக்கு எங்க வாசல்லதான் நிக்குது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க இங்க இருக்கணும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருப்பேன்!"

"வந்துடறேன் சார். கரெக்டா வந்துடறேன் சார்."

சொன்னபடி வந்தான். தலையைப் படிய வாரி, விபூதி பூசி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு வந்தான். வாசலில் நின்ற முனியன் ஒன்றும் தெரியாதவனாக சல்யூட் அடித்து, செவலையின் கயிற்றைப் பிடித்து வீட்டுக் கொட்டகைக்கு நடத்திப் போனான். மேலே பால்கனியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த உருவத்தை வரதன் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டான். மணியோசை தூரம் போனதும் சார், "ஓட்டிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டார். போயிட்டாங்க என்றாள் புஷ்பா. நிம்மதியாக ஒரு காபி கேட்டார்.

கொட்டகையில் வரதன் டீ கேட்கவில்லை, அரசியல் பேசவில்லை. குச்சியை வெந்நீரில் போட்டான், துடைத்தான், கையுறை மாட்டினான், நிதானமாக வேலையைப் பார்த்தான். வேம்புலியம்மாள் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மன் பெயரை முணுமுணுத்தபடியே இருந்தாள். கையைக் கழுவும்போது, "யாரு யக்கா அந்த ஆபீசரு?" என்று ரகசியமாகக் கேட்டான். "பெரிய எடம்" என்று மட்டும் சொன்னாள். மாட்டை ரெண்டு நாள் வெளியே விடாமல் நிழலில் கட்டிவைக்கச் சொன்னான். அவள் ஒரு வாரம் கட்டிவைத்துவிட்டுத்தான் மறுபடி அவிழ்த்துவிட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது நரகம். மற்ற மாடென்றால் மூன்று வாரத்தில் மறுபடி கத்தாமல் இருந்தால் சினை பிடித்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை வரும். இந்த ஊமைச்சி எப்போது கத்தினாள், இப்போது கத்தவில்லை என்று சந்தோஷப்பட? அவளுக்கு இருந்த ஒரே சாட்சி சிவராமன் சார். கண்ணாடி கழன்றதும் சார் பால்கனிக்குத் திரும்பினார். தினம் காலையில் பால் ஊற்றும்போது, "சாரு இன்னிக்கு எதுனா திட்டினாராம்மா?" என்று கேட்பாள். "கறுப்பியைத் திட்டினார், வெள்ளையைத் திட்டினார், செவலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்பாள் புஷ்பா. அதைக் கேட்டுவிட்டுப் போனால்தான் இவளுக்குச் சோறு இறங்கும். நடுவில் தரகர் ஒருநாள் தெருமுனை வரை வந்து, விளக்குமாறு கதை ஞாபகம் வந்து திரும்பிப் போனார்.

சினை பார்க்கிற நாளில் வரதன் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு கண்ணை மூடினான். முனியன் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரதன் பேசவே இல்லை. வழக்கமாகப் பேசுகிறவன் பேசாமல் இருந்தால் பயமாகத்தானே இருக்கும்? வேம்புலியம்மாள் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"இன்னாய்யா? சொல்லித் தொலையேன்!"

"யக்கா" என்றான் வரதன், அவனுக்கே நம்ப முடியாமல். "நின்னுகினு கீது யக்கா."

அவள் அப்படியே சாணியில் உட்கார்ந்துவிட்டாள். ஓ என்று அழுதாள். அழுதுகொண்டே மாட்டைத் திட்டினாள், முனியனைத் திட்டினாள், வரதனையும் சேர்த்துத் திட்டினாள். முனியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீலச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

என்க்ளேவ் குரூப்பில் அதே மாதம் ஒரு அறிவிப்பு வந்தது. செந்நிற மாட்டின் ஒழுங்கீனம் தனது இடைவிடாத முயற்சியால் அடியோடு நின்றுவிட்டது என்று சிவராமன் சார் எழுதியிருந்தார். சங்கத்தின் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடைக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது முனியன்தான்.

மாசி மாதம் செவலை கன்று போட்டது. கிடேரிக் கன்று, அதே செவலை நிறம், அதே சுட்டி. சீம்பாலை வெல்லம் போட்டுக் கிண்டி வேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம். முதல் தூக்கை எடுத்துக்கொண்டு வேம்புலியம்மாள் என்க்ளேவ் மாடிப்படி ஏறினாள். தரையில் வைக்காமல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

சார் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "பிரமாதம். ஆமா, முதல்ல எனக்கு எதுக்கு?"

"நீங்க இல்லன்னா இந்தக் கன்னே இல்ல சார்."

சார் கரண்டியை நிறுத்தினார். புஷ்பாவைப் பார்த்தார். புஷ்பாவுக்கு அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வாசலில் நின்ற செவலைதான் நீங்கள் பாஸ் போடுகிற பாலுக்குச் சொந்தக்காரி என்பதையும், அன்றைக்கு நீங்கள் பேசியது மாநகராட்சியோடு இல்லை, சினை ஊசிக்காரனோடு என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். வேம்புலியம்மாள் செருப்பைத் தேடினாள். இனி இந்த வீட்டில் பால் ஊற்றின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சார் பால்கனிப் பக்கம் பார்த்தார். பொன்னாடை மடித்து வைத்திருந்த அலமாரியைப் பார்த்தார்.

"அஞ்சு மணின்னு சொன்னேனே" என்றார் கடைசியில். "வந்தானா?"

"டான்னு வந்தாரு சார். வெந்நிகூட எடுத்துகினு வந்தாரு."

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல?"

"இல்ல சார்."

சார் மறுபடி கரண்டியை எடுத்தார். "ரிடையர் ஆனதுலேர்ந்து எத்தனை கம்ப்ளைண்ட் போட்டிருப்பேன், புஷ்பா? ஆள்னு ஒருத்தன் வந்தது இது ஒண்ணுக்குத்தான்."

அவர் தூக்கை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, போனை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேம்புலியம்மாளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, உன் நம்பரைச் சொல்லு. இனிமே எதுவா இருந்தாலும் நேரா உனக்கே கம்ப்ளைண்ட் பண்ணிடறேன்."